வடக்கு வாசலின் ஒற்றைச் செங்கல்

சுவர் ஈரமாக இருந்தது.

தோர்ன்மியர் தேவாலயத்தின் வடக்குச் சுவரில் சாய்ந்தவர்கள் யாரும் தோளைத் தட்டிக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை. அவ்வளவு சுண்ணாம்புத் தூள் ஒட்டும். எனிட்டும் பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் தோளைத் தட்டிக்கொண்டாள். கையில் தூள் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. நல்ல நாளும் அதுவுமாகக் கோட்டு நனைந்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. இருக்கிற ஒரே நல்ல கோட்டு அது. போர் முடிந்தும் துணிக்கான ரேஷன் கூப்பன் முடியவில்லை.

அதற்குள் பாதிரியார் அவளை ஞானஸ்நானத் தொட்டியருகே அழைத்துவிட்டார். தங்கை மூரியலின் பிள்ளை, ஆறு வாரத்து நெட், அவள் கையில் கனமே இல்லாமல் கிடந்தான். எனிட்டுக்குப் பிள்ளை இல்லை. இனி இருக்கப்போவதுமில்லை என்று டாக்டர் சொல்லி நாளாகிவிட்டது. மூரியல் தன்னை ஞானத்தாயாக இருக்கச் சொன்ன அன்று அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்தப் பயலுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வார்கள். எனிட் அதை நிஜமாகவே நினைத்தாள்.

தண்ணீர் தலையில் பட்டதும் நெட் வீறிட்டான். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தோர்ன்மியரில் பிள்ளை அழாவிட்டால்தான் பயப்படுவார்கள். அழுதால் பிறவியிலேயே உள்ளே இருந்த கெட்டது வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

"போச்சுடா சாமி! என்னா சத்தம்!" என்று மூரியல் சிரித்துக்கொண்டே மகனை வாங்கிக்கொண்டாள். கோபுரத்தில் மணிகள் அடிக்க ஆரம்பித்தன. பாதிரியார் முன்னால் போக, மொத்தக் கூட்டமும் தெற்கு வாசல் வழியாகப் பனியில் இறங்கி, ரோட்டைக் கடந்து டீக்குப் போய்விட்டது. எனிட் மட்டும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றாள். ஞானத்தாய் பின்தங்குவது இங்கே வழக்கம். தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு வருவாள் என்று ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தொட்டிக்கு ஒரு பக்கம் தெற்கு வாசல். நேர் எதிரே வடக்கு வாசல். வாசல் என்று பெயர்தான். மேலே கல் வளைவு இருக்கிறது, பக்கத் தூண்கள் இருக்கின்றன, நடுவில் கதவு இல்லை. எந்தக் காலத்திலோ ராஜாவின் ஆட்கள் வந்து, பிள்ளையைவிட்டு வெளியேறுவது போக ஒரு வாசலா, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். வேலை செய்த கொத்தர்களின் பெண்டாட்டிகள் சும்மா இருப்பார்களா? இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு செங்கல்லை மட்டும் காரை வைக்காமல் சொருகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கல் ஞானத்தாய்களின் சொத்து.

போன வாரம் தபாலாபீஸ் திருமதி கேட்ச்போல்தான் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

"பிள்ளை கத்தினதும் கல்ல உருவிடு. ஓட்டைக்கு நேரா மட்டும் நிக்காத. மணி ஓஞ்சதும் திரும்பச் சொருகிட்டு டீ குடிக்க வந்து சேரு. ஆம்பளைங்ககிட்ட மூச்சு விடாத, தெரிஞ்சா அதுக்கும் ஒரு கமிட்டி போட்டுருவானுங்க."

"உருவ மறந்துட்டா என்னாகும்?"

"மறக்கிறதாவது! எவளாவது மறந்திருக்காளா?" அப்புறம் தபால் தலைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "பிள்ளை பின்னாலயே போகும்டி. அது வந்த இடம் அதுக்குத் தெரியாதா? அதான் பிள்ளையத் தெற்கால அனுப்பிட்டு, அத வடக்கால அனுப்புறோம். ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கக் கூடாது."

எனிட் வடக்கு வாசலின் அடைப்பில் கை வைத்துத் தடவினாள். செங்கல்லின் விளிம்பு தட்டுப்படவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தடவினாள். இடுப்பு உயரம், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. வளைவிலிருந்து தரைவரை ஒரே பூச்சு. சாம்பல் நிறத்தில், வழவழவென்று, பாத்திரம் கழுவும் தொட்டி மாதிரி இருந்தது. அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

சிமெண்ட்.

அவள் புருஷன் பெர்சி கொத்தன். கோடையில் பாதிரியார் வடக்குச் சுவரை ஒக்கிட்டுப் பூசச் சொன்னார். பெர்சி ஒரு வாரம் வேலை பார்த்தான். ராத்திரி சாப்பிடும்போது, சுண்ணாம்பு காய ஒரு யுகமாகும், சிமெண்ட் போட்டு இரண்டே நாளில் ஜோலியை முடித்துவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டான். அவள் உருளைக்கிழங்கு உரித்தபடி ம் கொட்டினாள். எந்த இடம் என்று கேட்கத் தோன்றவில்லை. பெர்சியிடம் இதைச் சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் ஆண்கள் கோபுரத்தில் மணிக் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார்கள். கல் உருவுவதை அவர்களில் ஒருவனும் பார்த்ததில்லை.

கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினாள். வளைந்துவிட்டது. நகத்தால் சுரண்டினாள். மேலே மூன்று மணிகளும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில், அவளுக்கு முதுகுப் பக்கம், தொட்டியின் காலடியில், இன்னொரு சத்தம் கேட்டது.

பட். பட்.

ஈரக் கையால் கல் தரையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தவழ்கிற பிள்ளை ஒன்று உள்ளங்கையை ஊன்றி ஊன்றி வருகிற சத்தம். கூடவே ஒரு வாடை. ஈரச் சுண்ணாம்பும் மெழுகும் பழைய பாட்டுப் புத்தகங்களும் கலந்த வழக்கமான வாடைதான், ஆனால் அதற்கு நடுவே பிள்ளை கக்கிய பால் புளித்து நாறியது. திரும்பிப் பார்த்தாள். தொட்டி இருந்தது. தொட்டியைச் சுற்றி ஈரத் தரை. வேறு ஒன்றும் இல்லை.

சத்தம் அவளைக் கடந்து வடக்குச் சுவரோடு சுவராகப் போனது. முழங்கால் உயரத்தில் தட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு தூணையும் சுற்றி, ஒவ்வொரு சன்னலுக்குக் கீழும் நின்று, இருட்டில் சுவிட்ச் தேடுகிறவனைப் போல அவசரமாகத் தடவிக்கொண்டு பலிபீடம்வரை போய்த் திரும்பியது. திரும்பும்போது சத்தம் இடுப்பு உயரத்தில் கேட்டது. கை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. தேடுகிறது, தேடத் தேட வளர்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மணிகள் ஓய்ந்தன. டிசம்பர் மாதத்து மூன்றரை மணி வெளிச்சம் சன்னல்களில் சாயம் போன துணியாகத் தொங்கியது. கோபுரத்துத் திரையை விலக்கிக்கொண்டு பெர்சியும் இன்னும் இரண்டு பேரும் வியர்வையோடு வந்தார்கள்.

"என்ன எனிட், இன்னும் ஜெபமா? பெர்சி செஞ்ச பாவத்துக்கெல்லாம் இந்த ஒரு நாள் பத்தாதும்மா!" என்று ஒருவன் கேலி செய்தான். இன்னொருவன் அதற்குள் தெற்குக் கதவைத் திறந்துவிட்டான். குளிர்காற்று உள்ளே வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெட்டின் அழுகை மெலிதாகக் கேட்டது.

பலிபீடத்தருகே சத்தம் நின்றது. பிறகு வாசலை நோக்கி ஓடிவந்தது.

எனிட் அந்த இரண்டு பேரையும் முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள். கதவை அறைந்து சாத்தினாள். இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டதும் அது கதவில் வந்து மோதியது. அத்தனை கனமான ஓக் மரக் கதவு அதிர்ந்தது. கீலிலிருந்து துரு கொட்டியது. வெளியே ஒருவன் சிரித்தான். "புருஷன் பொண்டாட்டி சண்டை போலருக்கு, வாடா போலாம்!"

பெர்சி கதவைப் பார்த்தான். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் இல்லை.

"என்னடி அது?"

"வடக்கு வாசல்ல என்ன பண்ண நீ?"

"என்ன பண்ணேன்? அழகாப் பூசிவிட்டேன். ஒரு செங்கல் ஆடிட்டே இருந்துச்சு, விழுந்திரும்னு சிமெண்ட் வெச்சு இறுக்கினேன்."

"உடைச்சிரு."

"பைத்தியமா உனக்கு?"

"பெர்சி, கேள்வி கேக்காத. இப்பவே உடை. நெட்டுகிட்டருந்து வந்தது இங்கதான் இருக்கு. போக வழியில்லாம இருக்கு. இந்தக் கதவத் தொறந்தா நேரா அவன்கிட்டதான் போகும்."

அவன் சிரிக்க வாயெடுத்தான். அந்த நேரம் பாட்டு எண் மாட்டும் பலகை சுவரிலிருந்து பிய்ந்து, நடுக்கூடத்தின் குறுக்கே பறந்து போய்த் தூணில் மோதிச் சிதறியது. அப்புறம் ஒரு பெஞ்ச் எழும்பியது. ஆறு பேர் உட்காரும் பெஞ்ச். ஒரு முனை தூக்கி, நின்று, கவிழ்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக, கோபத்தோடு, பிள்ளை பொம்மையை வீசி எறிகிற மாதிரி. சத்தம் சுவரில் ஏறியது. தலைக்கு மேலே, சன்னலுக்கு மேலே, கூரை உத்தரத்துக்கு.

கூரையின் இரு பக்கமும் சிறகை விரித்த மரத் தேவதூதர்கள் வரிசையாக இருந்தார்கள். முகம் ஒன்றுக்கும் கிடையாது. ஒரு சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் கோடரியால் கொத்திவிட்டுப் போனார்கள். இப்போது அந்த முகமில்லாத தலைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. எதுவோ அவற்றைப் பிடித்துத் தாவிக்கொண்டிருந்தது. ஒரு தேவதூதர் உடைந்து விழுந்தார். பெர்சி நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளித் தரைக்கல் பிளந்தது.

பெர்சி கோபுரத்துக்கு ஓடினான். கோடை வேலையிலிருந்து அங்கேயே கிடந்த கருவிப் பையோடு திரும்பி ஓடிவந்தான். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தான்.

"எந்த எடம்?"

"உனக்குத்தானே தெரியும்! நீதானே அடைச்ச!"

"இங்க... இங்கதான்."

சிமெண்ட் சில்லு சில்லாகத் தெறித்தது. பெர்சி நல்ல வேலைக்காரன், சந்தேகமில்லை. அவன் பூசினால் லேசில் பெயராது. ஜென்மத்தில் முதல்முறையாக எனிட் அதற்காக அவனைச் சபித்தாள். சில்லு பட்டு அவன் நெற்றியிலிருந்து ரத்தமும் வியர்வையும் சேர்ந்து வழிந்தன. அவனுக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் "நெட்டு, நெட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். அவனுக்கும் அந்தப் பிள்ளைதான் எல்லாம். அதை அவள் அன்றுதான் கேட்டாள்.

கல் ஆடியது. இழுத்தான். வந்துவிட்டது. எனிட் அவன் தோளைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினாள்.

ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது. பனியின் வாசனை வந்தது.

எல்லாச் சத்தமும் நின்றது.

பட். பட். அவர்களை நோக்கி நிதானமாக வந்தது. அவர்களுக்கும் ஓட்டைக்கும் நடுவில் வந்து நின்றது. புளித்த பால் நாற்றம் மூச்சை அடைத்தது. ஓட்டையின் வெளிச்சம் மறைந்தது. சதசதவென்று, ஈரமாக, எதையோ திணிக்கிற சத்தம். முனகல். மறுபடி திணிக்கிற சத்தம். வெளிச்சம் திரும்ப வந்தது. திரும்ப மறைந்தது.

"போயிடுச்சா?" என்று பெர்சி கிசுகிசுத்தான்.

ஆறு வாரப் பிள்ளையிலிருந்து வருவது எவ்வளவு இருக்கும்? ஒரு செங்கல் அளவு. அதற்காகத்தான் ஒரு கல். இது அரை மணி நேரமாக உள்ளே வளர்ந்திருக்கிறது. கூரை எட்டும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

ஓட்டை போதாது.

"பெர்சி, இன்னும் உடை. பெருசா உடை!"

அவன் சுத்தியலை ஓங்கினான். சுத்தியல் கீழே விழுந்தது. பெர்சி விழவில்லை. கால்கள் தரையைவிட்டு எழும்பின. கணுக்கால் இரண்டையும் யாரோ சேர்த்துப் பிடித்தது போல ஒட்டிக்கொண்டன. உடம்பு காற்றில் படுத்தது. தலை சுவரைப் பார்த்தது.

"எனிட்?" என்றான். ஏதோ சந்தேகம் கேட்கிற குரலில்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். வழுக்கியது.

முதல் அடி.

சிமெண்டில் விரிசல் விட்டது. பெர்சி கத்தினான்.

இரண்டாவது. கத்தல் நின்றது.

அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. கை அவன் கோட்டு நுனியைப் பிடித்திருந்தது. பின்னால் இழுபடும். முன்னால் பாயும். மரம் பிளக்கிற மாதிரி. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. செங்கல் விழும் சத்தம். மறுபடி. முகத்தில் சூடாகத் தெறித்தது. மறுபடி. கோட்டு கிழிந்து கையோடு வந்தது. மறுபடி.

சுவர் விழுந்தது.

பிறகு குளிர். பிறகு அமைதி. எங்கோ ஒரு செங்கல் தாமதமாக உருண்டு நின்றது.

எனிட் கண்ணைத் திறந்தாள். வடக்கு வாசல் திறந்திருந்தது. இத்தனை தலைமுறைக்குப் பிறகு வளைவின் கீழ் முழு வாசலாகத் திறந்திருந்தது. இடிபாட்டின் மேல் பெர்சியின் பூட்ஸ்கள் கிடந்தன. மற்றதை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பற்களைக் கடித்துக்கொண்டாள். போய்விட்டது. வடக்கு வழியாகத்தான் போனது. நெட் தப்பித்தான். அந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வாசல்வரை தவழ்ந்து போனாள்.

வெளியே வடக்கு மைதானம். கல்லறையும் கிடையாது, பாதையும் கிடையாது. யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. பனி மூடிய புல்லில் சுவடு எதுவும் இருந்திருக்கக் கூடாது. இருந்தது. இடிபாட்டிலிருந்து தொடங்கி, சிவப்பாக.

முதல் சுவடு ஒரு ஆளின் உயரத்துக்கு நீளம். அடுத்தது அதில் பாதி. அதற்கடுத்தது ஒரு ஆம்பளைக் காலின் அளவு. பிறகு ஒரு பையனின் கால். பிறகு கால் இல்லை, உள்ளங்கைகள். சின்ன உள்ளங்கைகள். தவழ்ந்து தவழ்ந்து, போகப் போகச் சிறுத்து, மைதானத்தின் விளிம்புவரை போயிருந்தன.

அங்கே மூரியல் நின்றாள்.

"எனிட்! எவ்ளோ நேரமா இடிக்கிற சத்தம் கேக்குது! முன்கதவு பூட்டியிருக்கு, அதான் இப்படிச் சுத்தி வந்தேன். உள்ள என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?"

அவள் வாசலைச் சரியாகப் பார்க்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்வையெல்லாம் கையில் இருந்த பிள்ளைமேல். சுற்றியிருந்த வெள்ளைச் சால்வையின் நுனி பனியைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அந்த நுனியிலிருந்து மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக, ஐந்து விரலும் தெரிகிற சிவப்புத் தடங்கள் ஏறியிருந்தன. கடைசித் தடம் ஒரு பென்னிக் காசைவிடச் சிறியது. அது நெட்டின் வாயருகே இருந்தது.

எனிட் கத்த முயன்றாள். காற்றுதான் வந்தது.

"அய்யோ, இங்க வந்து பாரேன்!" மூரியலின் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. "அழுதுட்டே இருந்தவன் சட்டுனு நிறுத்திட்டான். சிரிக்கிறான் எனிட்! மொத மொதலா சிரிக்கிறான்!"

நெட் தலையைத் திருப்பி வடக்கு வாசலைப் பார்த்தான். ஆறு வாரப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. பிறகு ஈரமான சின்னக் கையைச் சால்வையிலிருந்து வெளியே எடுத்து, அம்மாவின் கன்னத்தில் தட்டினான்.

பட். பட்.